மோட்டார் ஓடாத மத்தியானம்

மத்தியானம் ஆனால் மோட்டார் ஓடுவதில்லை. புகார் இவ்வளவுதான். காலையில் ஓடுகிறது, சாயங்காலம் ஓடுகிறது, வெயில் உச்சியில் நிற்கும் கொஞ்ச நேரம் மட்டும் வாயைத் திறப்பதில்லை. பாத்தியெல்லாம் வறண்டு கிடக்கிறது என்று உப்பளக்காரர் திருமுருகன் ஒரு வாரமாகப் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

மரக்காணத்து உப்பளத்தில், ரோட்டை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளி, கழுவெளிச் சதுப்பு ஏரிப் பக்கம் இருக்கும் கடைசிப் பாத்திகள் அவருடையவை. போர்வெல் தண்ணீரை முதலில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் ஏற்றி வெயிலில் விடுவார்கள். தண்ணீர் வற்றி உப்பு கெட்டியானதும் அங்கிருந்து மோட்டார் போட்டுப் பாத்திகளுக்கு அனுப்புவார்கள். எப்போது ஏற்றுவது, எப்போது அனுப்புவது என்பதைப் பார்த்துக்கொள்ளப் புதுச்சேரியில் ஒரு சின்ன கம்பெனி ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தது. தொட்டிக்கு மேலே ஒரு கம்பியில் குனிந்து நிற்கும் சென்சார் தண்ணீர் மட்டத்தை அளந்து சொல்லும். ப்ரோகிராம் கணக்குப் போட்டு மோட்டாரை ஓடு என்னும், நில் என்னும்.

அந்த ப்ரோகிராம் இப்போது முபீனாவின் பொறுப்பில் இருந்தது. அதை எழுதிய பரத் வேலையை விட்டுப் பெங்களூர் போய்விட்டான். முபீனா ஆபீசுக்கு எப்போதாவது போவாள். மற்றபடி கூனிமேட்டில், வீட்டு மாடி அறையில், கடற்காற்று வரும் ஜன்னலை ஒட்டி லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஈ.சி.ஆர். ரோட்டில் போகும் பஸ்களின் இரைச்சல் ஒரு பக்கம், அலைச் சத்தம் இன்னொரு பக்கம். இரண்டும் கலந்து மத்தியானங்களில் ஒரே இரைச்சலாகிவிடும். கண் திறந்திருக்கும்போதே தூங்குவதுபோல் இருக்கும்.

"முபீனா, திருமுருகன் சார் விடாம போன் பண்றாரு. என்னதான் ஆச்சு?" என்றார் கலையரசன். கம்பெனி அவருடையது.

"லாக் பாத்தேன் சார். அதுல ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லன்னா?"

"எந்த எரரும் எழுதல. ப்ரோகிராம் உயிரோடதான் இருக்குது. அந்த நேரத்துல மட்டும் முடிவு எடுக்காம சும்மா நின்னுடுது."

பரத் அதை ஹாஸ்கெல்லில் எழுதியிருந்தான். கலையரசனுக்கு அந்த மொழி பிடிக்காது. முபீனாவுக்கும் முதலில் பிடிக்கவில்லை. போகப் போக அதன் ஒழுங்கு அவளை இழுத்துக்கொண்டது. அதில் ஒரு ஃபங்ஷன் என்றால், கொடுத்ததை வாங்கும், கணக்குப் போடும், விடையைத் திருப்பித் தரும். வேறு எதையும் தொடாது. ஸ்கிரீனில் ஒரு எழுத்து எழுதக்கூட அதற்கு உரிமை கிடையாது. எழுத வேண்டுமென்றால், நான் எழுதுவேன் என்று தன் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டு வர வேண்டும். அதைக் கூப்பிடுகிறவனும் ஒட்டிக்கொள்ள வேண்டும், அவனைக் கூப்பிடுகிறவனும். வாயை மூடிக்கொண்டு வேலை செய்யும் ஆட்கள் நிறைந்த ஒரு பெரிய வீடு போல இருக்கும் அந்த ப்ரோகிராம்.

அதோடு அது சோம்பேறி மொழி. யாராவது விடையைக் கேட்டால்தான் கணக்கே போடும். அதனால் ஒரு தப்பு ஓர் இடத்தில் பிறந்து, சத்தமில்லாமல் கைமாறிக் கைமாறி, யாரோ அதைத் திறந்து பார்க்கும்போது வேறெங்கோ வெடிக்கும். வெடித்த இடத்தைப் பார்த்தால் எங்கே பிறந்தது என்று தெரியாது.

சாயங்காலம் வரை தேடி முபீனா அது பிறந்த இடத்தைப் பிடித்தாள். தொட்டியின் மட்டத்தைச் சரிபார்க்கும் ஒரு சின்ன ஃபங்ஷன். போரிலிருந்து தண்ணீர் வரவில்லை, மழையும் இல்லை, ஆனாலும் மட்டம் ஏறியிருக்கிறது என்றால் என்ன செய்வது? அந்த இடத்தில் பரத், இப்படி நடக்கவே நடக்காது என்று ஒரு வரி எழுதி, அப்படி நடந்தால் வெடித்து நிற்கும் ஓர் எக்ஸப்ஷனை வைத்துவிட்டுப் போயிருந்தான். மோட்டாரை ஓட்டலாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் அது வெடித்தது. அதற்கும் வெளியே, எந்த எரர் வந்தாலும் பிடித்து அமுக்கிவிடும் ஒரு வலையையும் அவனே போட்டிருந்தான். வலை எரரை விழுங்கிவிட்டு அந்தச் சுற்றைத் தள்ளிவிடும். பழைய அளவுதான் நினைவில் நிற்கும். அடுத்த சுற்றிலும் அதே கதை. மோட்டார் ஓடாது, யாருக்கும் காரணமும் தெரியாது.

நடக்கவே நடக்காதது தினமும் மத்தியானம் நடந்துகொண்டிருந்தது.

"அப்போ சிம்பிள்தானே," என்றார் கலையரசன். "அந்த எரர் வந்தா பழைய அளவையே எடுத்துக்கிட்டு மேல போன்னு எழுதிடு. மோட்டார் ஓடிடும்."

"ஏன் ஏறுதுன்னு தெரியாமலா சார்?"

"சென்சார்ல உப்பு படிஞ்சிருக்கும். உப்பளத்துல வேற என்ன?"

"எனக்கு ரெண்டு நாள் டைம் குடுங்க. என்ன நடக்குதுன்னு லாக்ல எழுத வச்சுப் பாக்கறேன்."

"ஒரு வரி எழுத ரெண்டு நாளா?"

"இந்த மொழில அப்படித்தான் சார். குறுக்கு வழி ஒண்ணு இருக்குது, ஆனா அதை நம்ப முடியாது. எப்ப எழுதும், எத்தன தடவ எழுதும்னு சொல்ல முடியாது. ஒழுங்கா செஞ்சிடறேன்."

கலையரசன் பெருமூச்சு விட்டார். சரி என்றுதான் அதற்கு அர்த்தம்.

மறுநாள் முழுக்க முபீனா அந்தப் பெரிய வீட்டின் ஒவ்வொரு அறைக்கதவையும் தட்டினாள். வெடிக்கும் ஃபங்ஷனை வெடிக்காததாக மாற்றினாள். இனி அது விடையைத் தரும், அல்லது விடை ஏன் இல்லை என்ற காரணத்தைத் தரும். காரணம் வந்தால் மோட்டார் முன்போலவே ஓடாது. முன்பு எவ்வளவு மட்டம் இருந்தது, இப்போது எவ்வளவு, எப்போது பார்த்தது, எல்லாம் அந்தக் காரணத்துக்குள் இருக்கும். அதைக் கூப்பிடுகிற ஃபங்ஷனின் வடிவம் மாறியது. அதனால் அடுத்ததும் மாறியது. ஒன்றைத் தொட்டால், எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் இன்னொன்றைக் காட்டிச் சண்டைக்கு வந்தது. அவள் சளைக்கவில்லை. மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டதும் எழுந்து தொழுதுவிட்டு வந்து, விட்ட இடத்தில் உட்கார்ந்தாள்.

அம்மா ஜெயினம்பு நன்னாரி சர்பத் கொண்டுவந்து வைத்துவிட்டு ஸ்கிரீனை எட்டிப் பார்த்தாள்.

"ஒரே சிவப்பா இருக்குதே, எல்லாம் தப்பா?"

"இது நல்ல சிவப்புமா. எங்கெங்க மாத்தணும்னு சொல்லுது."

"திட்டுனாலும் நல்லதுன்றே. பெத்த உங்கத்தா திட்டுனா மட்டும் மூஞ்சைத் தூக்கி வச்சுக்குவ," என்று சொல்லிக்கொண்டே அம்மா இறங்கிப் போனாள்.

இருட்டுவதற்குள் சிவப்பெல்லாம் அடங்கியது. முபீனா புது ப்ரோகிராமை உப்பளத்தில் மோட்டாரை இயக்கும் பெட்டிக்கு அனுப்பிவைத்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் லாக் பேசியது.

காலை முழுக்க வழக்கமான வரிகள். வெயிலில் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பாங்குச் சத்தம் ஓய்ந்து கொஞ்ச நேரம் கழித்து ஒரு வரி வந்தது: நீர்வரத்து இல்லை, மழை இல்லை, மட்டம் ஒரு விரற்கடை ஏறியிருக்கிறது. பிறகு அதேபோல் இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று. முபீனா கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மட்டம் ஏறியது ஏறியபடி நின்றது. ஆனால் அசையாமல் நிற்கவில்லை. வரிக்கு வரி ஒரு மயிரிழை கூடியது, ஒரு மயிரிழை குறைந்தது. சென்சாரில் உப்புப் படிந்தால் இப்படி இருக்காது. கல் விழுந்தாலும் இருக்காது. அசதியில் அவள் கண் செருகியபோது அந்த எண்கள் மூச்சு விடுவதுபோல் தோன்றின. பிறகு திடீரென்று மட்டம் பழையபடி இறங்கியது. தினப்படி வரிகள் திரும்பின.

அவள் டோமினிக்கைக் கூப்பிட்டாள். மரக்காணத்துக்காரர். சென்சார், வயர், பெட்டி எல்லாம் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர்தான்.

"காலைலதான் மேடம் சென்சாரைத் துணி போட்டுத் துடைச்சேன். உப்பு கிப்பு ஒண்ணுமில்ல. அடியில குழாய் வாயில இருக்கற வலைதான் உப்பரிச்சு உதுந்துடுச்சு, மாத்தணும்."

"அப்ப தொட்டிக்குள்ள ஏதோ எறங்குதுண்ணா."

"நாயா இருக்கும்."

"நாய் அவ்ளோ நேரம் உப்புத் தண்ணியில படுத்திருக்குமா?"

"பூநாரை வருது இந்தப் பக்கம். அது வந்து நின்னா?"

"அது கால்ல நிக்கறதுக்கு ஒரு விரற்கடை ஏறுமா?"

டோமினிக் யோசித்தார். "ஏறாது. அது கால் குச்சியாட்டம்ல இருக்கும்," என்றார். அவர் குரலிலும் இப்போது ஒரு கேள்வி இருந்தது. "நாளைக்கு நான் திண்டிவனம் போறேன் மேடம். போலன்னா நானே போய்ப் பாத்துடுவேன்."

"நான் போறேண்ணா."

மறுநாள் மத்தியானம் முபீனா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. தார் உருகித் தூரத்தில் தண்ணீராகத் தெரிந்தது. கிட்டே போகப் போக அந்தத் தண்ணீர் பின்வாங்கிப் போனது. மரக்காணம் நெருங்கியதும் இடப்பக்கம் வெளிச்சம் திடீரென்று விரிந்தது. உப்பளம். காலையில் உப்பு வாரிய ஆட்கள் வெயிலேறும் முன்பே போய்விட்டிருந்தார்கள். பாத்திகளில் வானம் படுத்துக் கிடந்தது. வரப்புகளில் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருந்தது. எங்கே தரை முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது, எங்கே வானம் என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. துப்பட்டாவை இழுத்துக் கண்ணுக்கு மேலே நிழலாக விட்டுக்கொண்டாள்.

வண்டியை வழியிலேயே நிறுத்திவிட்டு வரப்பு மேல் நடந்தாள். காலடியில் உப்பு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் தான் நடக்கவில்லை, பாத்திகள்தான் தன்னைக் கடந்து போகின்றன என்று தோன்றியது. அவளுக்குப் பயமாக இல்லை. கனவில் ஒரு தெருவில் போகும்போது அடுத்து என்ன வரும் என்று கேட்கத் தோன்றாது அல்லவா, அப்படிப் போய்க்கொண்டிருந்தாள்.

தொட்டி அவள் மார்பளவு உயரம் இருந்தது. மோட்டார் ஷெட் கொஞ்சம் தள்ளி, ஓலைச் சரிவுக்குக் கீழே இருந்தது. தொட்டிச் சுவரில் ஒரு தூக்குவாளியும் சுருட்டிவைத்த சும்மாட்டுத் துணியும் இருந்தன. முபீனா சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

தண்ணீருக்கு மேல் ஒரு பெண் படுத்திருந்தாள்.

செத்துக் கிடக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அந்தப் பெண்ணின் வயிறு மெல்ல ஏறி இறங்குவதைப் பார்த்தாள். பழைய புடவை, அதற்கு மேல் ஓர் ஆம்பளைச் சட்டை. கைகள் இரண்டும் விரிந்திருந்தன. நரைத்த முடி அவிழ்ந்து தலையைச் சுற்றிப் பரவியிருந்தது. காதுகள் தண்ணீருக்குள். கண்கள் மூடியிருந்தன. கெட்டியான உப்புத் தண்ணீர் அவளைத் தூக்கிப் பிடித்திருந்தது. அவள் கையை ஆட்டவில்லை, காலை உதைக்கவில்லை. அந்த முகத்தில் இருந்த நிம்மதியைக் கலைக்க முபீனாவுக்கு மனசு வரவில்லை. மூச்சுக்கூட விடாமல் நின்றாள்.

அப்போது கையிலிருந்த போன் அதிர்ந்தது. கலையரசனிடமிருந்து ஒரு மெசேஜ்.

'திருமுருகன் சார் ரொம்பக் கோபமா இருக்காரு. இனிமே வெயிட் பண்ண முடியாது. எரர் வந்தா பழைய அளவை எடுத்துக்கற மாதிரி நானே மாத்திப் போட்டுட்டேன். மோட்டார் இப்ப ஓடும் பாரு.'

முபீனா ஒரு தடவை படித்தாள். படித்தது புரிவதற்குள் ஷெட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். மோட்டார் உறுமத் தொடங்கியது.

"அக்கா! அக்கா, எழுந்திரிங்க! அக்கா!"

தண்ணீருக்குள் இருந்த காதுகளுக்கு அது கேட்கவில்லை. தொட்டியின் அடியில் இழுக்கும் குழாய் இருந்தது. அதன் வாயில் மாட்டிய வலை உப்பரித்து உதிர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று டோமினிக் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. புடவைத் தலைப்பு தண்ணீருக்குள் ஒரு பாம்புபோல் நீண்டு கீழே போவதை அவள் பார்த்தாள். அந்தப் பெண்ணின் உடம்பு மெல்லத் திரும்பியது. கண்கள் திறந்தன. அடுத்த நொடி தோள் அமுங்கி, முகம் தண்ணீருக்குள் போனது.

முபீனா ஷெட்டுக்கு ஓடினாள். மெயின் சுவிட்சின் கைப்பிடி துருவேறி இறுகியிருந்தது. ஒரு கையால் இழுத்தாள், அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தன் முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டாள். அது கிறீச்சிட்டுக் கீழே வந்தது. அவள் தரையில் விழுந்தாள். மோட்டார் இழுத்து இழுத்து முனகி நின்றது.

ஓடி வந்து பார்த்தபோது அந்தப் பெண் தொட்டிக்குள் எழுந்து நின்று இருமிக்கொண்டிருந்தாள். கண்ணில் உப்புத் தண்ணீர் போய் இரண்டும் சிவந்திருந்தன. குழாய் வாயிலிருந்து தலைப்பை அவளே உருவிக்கொண்டாள். முபீனா சுவருக்கு மேல் கையை நீட்டினாள். அந்தப் பெண் கையைப் பிடிக்கவில்லை, சந்தேகமாகப் பார்த்தாள்.

"யாரும்மா நீ?"

"எம்பேரு முபீனா, அக்கா. மோட்டார் கம்பெனி. அக்கா, மோட்டார் ஓடிச்சிக்கா. நீங்க உள்ள இருந்தீங்க..."

"அது ஓடாதே," என்றாள் அந்தப் பெண். "நான் எறங்குனா அது ஓடாதும்மா. அதுக்குன்னு ஒரு நேரம் வச்சிருந்தாங்க, எனக்கும் தெரியும். மொத நாளு பயந்துகிட்டேதான் எறங்குனேன். ஓடல. மறுநாளும் ஓடல. மாதா பாத்துக்கறாங்கன்னு நெனச்சுட்டேன்."

முபீனா தொட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அமுக்கச் சொன்ன எரர். பழைய அளவை எடுத்துக்கொண்டு மேலே போகச் சொன்ன எரர். அது ஒவ்வொரு மத்தியானமும் வெடித்து, மோட்டாரை நிறுத்தி, இந்த மனுஷியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கலையரசன் சொன்ன அன்றைக்கே அவர் சொன்னபடி எழுதிக் கொடுத்திருந்தால், இன்றைக்கு வேறு யாரோ வந்து இந்தத் தொட்டியை எட்டிப் பார்த்திருப்பார்கள்.

அந்தப் பெண் தொட்டியிலிருந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தூக்குவாளியில் இருந்த நல்ல தண்ணீரை எடுத்து முதலில் தன் கண்ணைக் கழுவினாள். பிறகு முபீனாவிடம் நீட்டினாள். அவள் பெயர் ஞானமேரி. காலையெல்லாம் இந்தப் பாத்திகளில்தான் உப்பு வாரித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவாள்.

"எதுக்குக்கா இதுல எறங்குனீங்க?"

ஞானமேரி புடவையைப் பிழிந்துகொண்டே யோசித்தாள்.

"ஒருநாள் தொட்டி கழுவ எறக்கி விட்டாங்க. காலு வழுக்கி விழுந்துட்டேன். முழுவிடுவேன்னு பாத்தா, தண்ணி தூக்கிடுச்சு. இடுப்பு வலி, கழுத்து வலி, எதுவுமே இல்ல. எனக்கு ஒடம்புன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு. எந்நேரமும் தலையில எதுனா இருந்துகிட்டே இருக்கும்மா. இதுல படுத்தா ஒண்ணும் இல்ல." ஷெட்டைத் திரும்பிப் பார்த்தாள். பயம் அவளுக்கு இப்போதுதான் வந்தது. "முதலாளிகிட்ட சொல்லிடாத பாப்பா. வேலைய விட்டுத் தூக்கிடுவாரு."

முபீனா அங்கிருந்தே கலையரசனைக் கூப்பிட்டாள்.

"சார், நீங்க போட்டதை எடுத்துடுங்க. இப்பவே."

"ஏன், என்ன ஆச்சு?"

"தொட்டிக்குள்ள ஆள் இருக்குது சார். தெனமும் மத்தியானம் ஏறுனது அதுதான். மோட்டார் ஓடிச்சி. நான் மெயினை எறக்கிட்டேன்."

மறுமுனையில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"ஆளுக்கு என்ன?" என்றார். குரல் மெலிந்து போயிருந்தது.

"நல்லா இருக்காங்க. எம்பக்கத்துல உக்காந்திருக்காங்க."

"எடுத்துட்டேன். எடுத்துட்டேம்மா," என்றார். பின்னால் கீபோர்டின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை கலையரசனே காரில் வந்துவிட்டார். டோமினிக்கும் வந்தார். திருமுருகன் தொட்டிப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது.

"எந்தத் தொட்டில எவ எறங்கறது? யாரது?"

"யாருன்னு ப்ரோகிராமுக்குத் தெரியாது சார்," என்றாள் முபீனா.

"உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

திருமுருகன் கலையரசனைப் பார்த்தார். கலையரசன் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டோமினிக்தான் வாயைத் திறந்தார்.

"சார், தொட்டி கழுவ அப்பப்ப ஆளை எறக்குறீங்க. நாளைக்கு அந்த ஆள் உள்ள இருக்கறப்ப ஓடுனா? குழாய் வாயில வலையும் இல்ல. பிரேதம்தான் வரும் வெளிய. அதுக்கு நீங்கதான் ஸ்டேஷன்ல நிக்கணும்."

திருமுருகன் தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் பெண்கள் வரிசையாகத் தலையில் உப்போடு வரப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"வலையப் போடு," என்றார் டோமினிக்கிடம். "இங்க சுவத்துலயே ஒரு சுவிட்சும் வை. மத்தியானத்துல ஓட்ட வேணாம், விடு. காலைலயும் சாயந்திரமும் கூடக் கொஞ்ச நேரம் ஓட்டிக்கலாம்." போகும்போது திரும்பி, யாரையும் பார்க்காமல், "ஆள் இருந்தா ஓடக்கூடாது. அதை மட்டும் பாத்துக்குங்க," என்றார்.

அன்றைக்கு முபீனா அந்த ஃபங்ஷனைத் திறந்து, இப்படி நடக்கவே நடக்காது என்று பரத் எழுதியிருந்த வரியை அழித்தாள். அந்த இடத்தில் ஒரு புதுப் பெயரை வைத்தாள்: உள்ளே ஆள். இனி அது எக்ஸப்ஷன் இல்லை. மற்ற விடைகளைப் போல அதுவும் ஒரு விடை. அது வந்தால் மோட்டார் நிற்கும், லாக்கில் ஒரு வரி வரும். எல்லாவற்றையும் விழுங்கும் அந்த வெளிவலையையும் பிரித்துப் போட்டாள். எரர் வந்தால் காரணத்தோடு எழுதாமல் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. கலையரசன் எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்துப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதே மாதிரி வாயை மூடுற வலை நம்ம மத்த ப்ரோகிராம்லயும் இருக்குமா?" இருந்தன. அடுத்த சில வாரங்கள் இருவரும் அவற்றைத் தேடித் தேடிப் பிரித்தார்கள்.

ஆனால் உப்பளத்து லாக்கில் அந்தப் புது வரி வரவே இல்லை. மத்தியானங்கள் வந்து போயின. தண்ணீர் வெயிலில் மெல்ல மெல்ல இறங்கியது, அவ்வளவுதான். முபீனா சர்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எண்களைப் பார்த்தபடி இருப்பாள். ப்ரோகிராமில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அவளுக்கு என்னவோபோல் இருந்தது. தன்னால் ஒரு மனுஷியின் ஒரே ஒரு சுகம் போய்விட்டதோ என்று உறுத்தியது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் கழிந்ததும் மறுபடியும் ஸ்கூட்டியை எடுத்தாள்.

ஞானமேரி தொட்டி நிழலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். முபீனாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வா பாப்பா. மோட்டார் பாக்க வந்தியா?"

"உங்களப் பாக்க வந்தேங்க்கா. எறங்கறதே இல்லியே நீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எறங்குனா எனக்குத் தெரியும். யாருன்னு வராது, ஆள் இருக்குன்னு மட்டும் வரும்."

ஞானமேரி அதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் வைத்துப் பார்த்தாள். "பயமா இருக்குது," என்றாள் பிறகு. "கால வச்சாலே கீழேர்ந்து இழுக்கற மாதிரி தோணுது."

முபீனா எழுந்து சுவரிலிருந்த புதுச் சுவிட்சை அணைத்தாள். ஷெட்டுக்குப் போய் மெயினையும் இறக்கினாள். டோமினிக் எண்ணெய் விட்டிருந்ததால் இப்போது ஒரே கையில் இறங்கியது. குழாய் வாயில் மாட்டியிருந்த புது வலையைக் காட்டினாள். ஞானமேரி சுவர்மேல் கவிழ்ந்து, தண்ணீருக்குள் கையை ஆழமாக விட்டு, அந்த வலையை விரலால் தடவிப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"நான் இங்கயே நிக்கறேங்க்கா. எறங்குங்க."

"நீயும் வா," என்றாள் ஞானமேரி.

முபீனா சிரித்தாள். கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. கூனிமேட்டுப் பெண்கள் யாரும் இறங்குவதில்லை. சுற்றிலும் பார்த்தாள். எட்டும் தூரம் வரை ஒரு மனிதர் இல்லை. வெள்ளை வெளிச்சம் மட்டும்தான். செருப்பைக் கழற்றினாள். போனைத் தூக்குவாளிக்குப் பக்கத்தில் வைத்தாள். சுடிதாரோடு சுவரேறி உள்ளே இறங்கினாள்.

தண்ணீர் வெதுவெதுவென்று, எண்ணெய்போல வழவழப்பாக இருந்தது. ஞானமேரி ஒரு கையை அவள் முதுகுக்குக் கீழே கொடுத்தாள்.

"கழுத்த விடு. இன்னும் விடு. அது தூக்கிக்கும்."

முதலில் அவள் உடம்பு நம்பவில்லை. காலை உதைத்தாள், உப்பு உதட்டில் எரிந்தது. பிறகு எப்போது என்று தெரியாமல் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. காதுகள் தண்ணீருக்குள் போனதும் காற்றின் சத்தம் நின்றது. தன் மூச்சு தனக்கே எங்கிருந்தோ வருவதுபோல் கேட்டது. மேலே வானம் மிக வெளுப்பாக, மிகக் கிட்டே இருந்தது. முதுகுக்குக் கீழே இருந்த கை எப்போதோ விலகிப் போயிருந்தது. பக்கத்தில் ஞானமேரியும் படுத்திருந்தாள். வெகு உயரத்தில் ஒரு பறவைக் கூட்டம் கழுவெளியை நோக்கி வரிசை மாறாமல் போய்க்கொண்டிருந்தது. அவை போய் முடிவதற்குள் முபீனா கொஞ்சம் தூங்கிவிட்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

திரும்பி வரும் வழியிலேயே துணி காய்ந்து உப்பேறி விறைத்துவிட்டது. வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஜெயினம்பு அவளை மேலும் கீழும் பார்த்தாள். தலைமுடி, புருவம், கை எல்லாம் வெள்ளைப் பொடி.

"எங்கடி போயி விழுந்த?"

"விழலம்மா. உப்பளத்துல, தொட்டியில மெதந்தேன்."

அம்மா திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள் ஜெயினம்பு. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். வாசற்படியில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

"நெசமாவா? முழுவாமலா?" என்றாள். "எப்படி இருந்திச்சு?"

முபீனா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள்.